ஏழு வயல்களும் ஒரு கோடும்

கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் செய்யும்போது அதன் பயன் குழுவினரோடு நிற்பதன்று. அங்கத்தினர் ஒவ்வொருவருடைய பங்குத் தொகையும், வாங்கிய கடனும், அடுத்த பருவத்துக் குடும்பச் செலவும் அதில் அடங்கியிருக்கின்றன. அத்தகைய தீர்மானங்களுள் பல, "இவ்வளவு போட்டால் இவ்வளவு விளையும்" என்னும் கணக்கின்மேல் எழுபவை. எரு வாங்கக் கடன் கொடுக்கலாமா, நெருக்கமான பாவு நெய்வோருக்குக் கூலியை எவ்வளவு உயர்த்தலாம் என்பன போன்ற வினாக்களுக்கு விடை தேடுகையில், நாம் அறிந்தோ அறியாமலோ இரண்டு அளவைகளுக்கு இடையே ஒரு கோடு இழுக்கிறோம். அக்கோட்டை எவ்வாறு இழுப்பது, இழுத்த கோட்டை எவ்வளவு தூரம் நம்புவது என்ற இரண்டையும் இங்கே ஆராய்வோம். முன்னது எளிது. பின்னதைத்தான் பலரும் விட்டுவிடுகின்றனர்.

பாடத்தின் பொருட்டு ஒரு சங்கத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் அங்கத்தினர் எழுவர், தத்தம் நெல் வயலில் ஏக்கருக்கு இட்ட தொழு எருவை வண்டிக் கணக்கிலும், கண்ட மகசூலை மூட்டைக் கணக்கிலும் குறித்துக் கொடுத்திருக்கின்றனர்.

முதல் வயல்: 2 வண்டி, 14 மூட்டை
இரண்டாம் வயல்: 3 வண்டி, 16 மூட்டை
மூன்றாம் வயல்: 4 வண்டி, 16 மூட்டை
நான்காம் வயல்: 5 வண்டி, 18 மூட்டை
ஐந்தாம் வயல்: 6 வண்டி, 17 மூட்டை
ஆறாம் வயல்: 7 வண்டி, 20 மூட்டை
ஏழாம் வயல்: 8 வண்டி, 25 மூட்டை

எருவின் விலை, வண்டி வாடகை, பரப்பும் கூலி யாவும் சேர்ந்து, வண்டி ஒன்றுக்கு ஒன்றேகால் மூட்டை நெல்லின் விலை ஆகிறதென்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால், ஒரு வண்டி எருவைக் கூட்டினால் விளைச்சல் ஒன்றேகால் மூட்டைக்கு மேல் கூடுமா என்பதே குழுவின் முன்னுள்ள வினா. கூடுமெனில் எருக்கடன் அங்கத்தினருக்கு ஆதாயம். கூடாதெனில் சங்கமே அவரைக் கடனாளியாக்கியது போலாகும்.

கோடு இழுக்கும் முறை

முதலில் இரண்டு சராசரிகளைக் காண்போம். எருவின் சராசரி 5 வண்டி. மகசூலின் சராசரி 18 மூட்டை. அடுத்து, ஒவ்வொரு வயலும் இச்சராசரிகளிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறதெனக் குறிக்க வேண்டும். முதல் வயல் எருவில் 3 குறைவு, மகசூலில் 4 குறைவு. இரண்டையும் பெருக்க 12 வரும். ஏழாம் வயல் எருவில் 3 மிகுதி, மகசூலில் 7 மிகுதி, பெருக்க 21. ஐந்தாம் வயலோ எருவில் 1 மிகுதியாயினும் மகசூலில் 1 குறைவு. ஆகவே அதன் பெருக்கற் பலன் கழித்தற் குறியுடன் 1 ஆகும். இவ்வாறு ஏழையும் பெருக்கிக் கூட்டினால் 42 கிடைக்கும். எருவின் விலகல்களைத் தம்மாலேயே பெருக்கிக் கூட்டினால் 28 கிடைக்கும். 42-ஐ 28-ஆல் வகுக்க, ஈவு 1.5. அதாவது வண்டிக்கு ஒன்றரை மூட்டை. இதுவே கோட்டின் சாய்வு. இக்கோடு இரண்டு சராசரிகளும் சந்திக்கும் புள்ளி வழியே செல்லும்.

ஏழு புள்ளிகளுக்கு இடையே எத்தனையோ கோடுகள் இழுக்கலாமே, இதற்கு மட்டும் என்ன உரிமை என்று கேட்கலாம். கோடு கூறும் மகசூலுக்கும் மெய்யான மகசூலுக்கும் உள்ள வேறுபாட்டை வயல்தோறும் கண்டு, வர்க்கமாக்கிக் கூட்டினால், நமது கோட்டிற்கு 15 வரும். சாய்வு 1 உடைய கோட்டை அதே புள்ளி வழியே இழுத்து அவ்வாறே கூட்டினால் 22 வரும். வேறெந்த நேர்கோட்டை இழுத்தாலும் 15-க்குக் குறையாது. அதனாலேயே இதற்கு மீச்சிறு வர்க்க முறை என்று பெயர்.

இம்முறையை முதன்முதல் அச்சிட்டு வெளியிட்டவர் பிரான்சு நாட்டு லெழாந்தர், ஆண்டு 1805. அவருக்கு அது வால்மீன்களின் பாதையைக் கணிக்கும் கருவி. ஜெர்மானியரான காஸ் 1809-இல் தம் நூலை வெளியிட்டபோது, தாம் இதை 1795 முதலே கையாண்டு வருவதாக எழுதினார். அதனால் எழுந்த பூசல் நீண்டது. நமக்கு அது வேண்டியதில்லை.

பயிரிடுவோர்க்கு இன்னும் நெருக்கமான கதை ஒன்றுண்டு. இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் 1875-இல் 'ஸ்வீட் பீ' என்னும் பூங்கொடியின் விதைகளை ஏழு அளவுகளாகப் பிரித்து, பொட்டலங்களாகக் கட்டி, நண்பர்களுக்கு அனுப்பிப் பயிரிடச் செய்தார். விளைந்த விதைகளைத் திரும்பப் பெற்று அளந்தபோது, பெரிய விதையின் வழி வந்தவை சராசரியைவிடப் பெரியனவாயினும் தாய் விதையளவு பெரியனவாக இல்லை எனக் கண்டார். தாய் விதை சராசரியிலிருந்து விலகியிருந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே வழித்தோன்றலில் காணப்பட்டது. சராசரியை நோக்கித் திரும்பும் இவ்வியல்பிற்கு அவர் இட்ட பெயரே பின்னர் இக்கோட்டுக் கணக்கு முழுவதற்கும் பெயராகி நிலைத்துவிட்டது. தமிழில் தொடர்புப் போக்கு என்கிறோம். இவ்வாண்டு முதற் பரிசு பெற்ற தறியோ வயலோ மறு ஆண்டு சற்றுப் பின்தங்கினால், உடனே அவ்வங்கத்தினர் சோம்பிவிட்டார் என்று பேசுவது நமது சங்கங்களில் வழக்கம். பரிசு பெற்ற ஆண்டில் அவருடைய உழைப்போடு நல்வாய்ப்பும் சேர்ந்திருந்தது. மறு ஆண்டு வாய்ப்பு விலகியதென்பதே பெரும்பாலும் உண்மை. ஏசுவோர் கால்டனின் விதைகளை நினைவில் கொள்வது நலம்.

ஒரு வயலை விலக்கிப் பார்த்தல்

வண்டிக்கு ஒன்றரை மூட்டை, செலவோ ஒன்றேகால் மூட்டை என்றவுடன் கடன் கொடுத்துவிடலாம் என்று குழுவினர் எழுந்துவிடக் கூடாது. சங்கத்தில் நூறு அங்கத்தினர் இருப்பின், கணக்குக் கொடுத்தவர் எழுவரே. வேறு எழுவர் கொடுத்திருந்தால் சாய்வு என்னவாக இருந்திருக்கும்?

அதை அறியச் சிறு சோதனை ஒன்று உண்டு. ஏழு வயல்களுள் ஒன்றை விலக்கிவிட்டு, மற்ற ஆறையும் கொண்டு மீண்டும் கோடு இழுக்க வேண்டும். பிறகு அதைச் சேர்த்துக்கொண்டு வேறொன்றை விலக்க வேண்டும். முதல் வயலை விலக்கினால் சாய்வு 1.6. இரண்டாவதை விலக்கினாலும் 1.6. மூன்றாவதை விலக்க 1.48, நான்காவதை விலக்க 1.5, ஐந்தாவதை விலக்க 1.61, ஆறாவதை விலக்க 1.6. இதுவரை கோடு அசையவில்லை என்றே சொல்லலாம். ஏழாவதை விலக்கினாலோ சாய்வு சரியாக 1 ஆகிவிடுகிறது. வண்டிக்கு ஒரு மூட்டை. செலவு ஒன்றேகால் மூட்டை. ஆதாயமென்று கண்ட கணக்கு ஓர் அங்கத்தினரின் வயலை எடுத்தவுடன் நட்டமாகிவிடுகிறது!

அந்த ஏழாம் வயலுக்குக் குழுவினர் நேரிற் சென்று பார்க்க வேண்டும். வாய்க்காலின் தலைமடையில் இருக்கிறதா, சொந்தக் கிணறு உண்டா, மூட்டைகளை எண்ணியவர் யார் என்றெல்லாம் விசாரிப்பது கடமை. விசாரணையில் குறையொன்றும் காணாவிட்டால் அவ்வயலைத் தள்ளிவிடவும் கூடாது. நமக்கு ஒவ்வாத எண்ணைத் தள்ளுவதும், ஒத்த எண்ணைப் பெருக்குவதும் ஒரே குற்றத்தின் இரு வகைகள்.

ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கும் இம்முறைக்கு அடிகோலியவர் கெனூய் என்னும் ஆங்கிலேயர், ஆண்டு 1949. அமெரிக்கரான ஜான் டூக்கி 1958-இல் இதற்கு மடக்குக் கத்தி என்று பெயரிட்டார். எதற்கும் உதவும் என்பது கருத்து. கருக்கரிவாள் என்றும் நாம் சொல்லிக்கொள்ளலாம்.

பானையும் சீட்டுகளும்

விலக்கிப் பார்ப்பது, எந்த வயலின்மேல் கோடு சாய்ந்து நிற்கிறது என்று காட்டிற்று. சாய்வு எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை ஆடக்கூடும் என்று அறிவதற்கு இன்னொரு முறை உண்டு. அதனை 1979-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராட்லி எப்ரான் வெளியிட்டார். பூட்ஸ்ட்ராப் என்பது அவர் இட்ட பெயர். காலணியின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்னும் ஆங்கில வழக்கிலிருந்து எடுத்தது.

முறை இதுதான். ஏழு சீட்டுகளில் ஏழு வயல்களின் எருவையும் மகசூலையும் சேர்த்தெழுதிப் பானையிலிட வேண்டும். குலுக்கி ஒன்றை எடுத்து, குறித்துக்கொண்டு, மீண்டும் பானையிலேயே போட்டுவிட வேண்டும். மறுபடி குலுக்கி எடுக்க வேண்டும். இப்படி ஏழு முறை. எடுத்ததை மீண்டும் போடுவதால் சில வயல்கள் இருமுறை வரும், சில வாரா. கிடைத்த ஏழைக் கொண்டு ஒரு கோடு இழுக்க வேண்டும். பிறகு முதலிலிருந்து மீண்டும் ஏழு முறை; மீண்டும் ஒரு கோடு. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் குடவோலை நமக்குப் பழக்கமானது. 919, 921 ஆகிய ஆண்டுகளில் முதற் பராந்தகன் காலத்தில் வெட்டப்பட்டவை அவை. அங்கே எடுத்த ஓலையைத் திரும்பக் குடத்தில் இடுவதில்லை. இங்கே இடவேண்டும். முறையின் உயிரே அந்த வேறுபாட்டில் இருக்கிறது.

மூன்று குலுக்கல்களைச் செய்து காட்டுவோம். ஒன்றில் 1, 2, 2, 4, 5, 6, 6 என வந்ததாகக் கொண்டால் சாய்வு 1.01. மற்றொன்றில் 2, 3, 4, 5, 6, 6, 7 என வந்தால் 1.53. வேறொன்றில் 1, 3, 3, 4, 5, 7, 7 என வந்தால் 1.89. ஏழாம் வயல் வராதபோது சாய்வு 1-ஐச் சுற்றி நிற்பதையும், இருமுறை வரும்போது 2-ஐ நெருங்குவதையும் அங்கத்தினர் கவனிக்க வேண்டும். ஒரு குலுக்கலில் ஏழாம் வயல் ஒருமுறையேனும் வராதிருக்க எவ்வளவு வாய்ப்பு? ஒவ்வோர் எடுப்பிலும் ஏழில் ஆறு. அதனை ஏழு முறை தன்னாலேயே பெருக்க 0.34 கிடைக்கும். மூன்றில் ஒரு குலுக்கலுக்குச் சற்று மேலாகவே அவ்வயல் இல்லாது போய்விடும் என்பது பொருள். அத்தகைய குலுக்கல்களில் எருக்கடன் பெரும்பாலும் நட்டக் கணக்காகவே தோன்றும்.

இதற்கு ஏன் பொருளுண்டு என்பதை விளக்க வேண்டும். ஊரிலுள்ள நூறு வயல்களிலிருந்து ஏழு வயல்கள் எவ்வாறு நம் கைக்கு வந்தனவோ, அவ்வாறே அந்த ஏழிலிருந்து ஒவ்வொரு குலுக்கலும் வருகிறது. ஊர் முழுவதையும் மறுபடி மறுபடி அளக்க நமக்கு வசதியில்லை. ஆகவே பானையையே ஊராகக் கொண்டு, மாதிரிக்கு மாதிரி எவ்வளவு வேறுபாடு எழுமென மதிப்பிடுகிறோம். நூற்றுக்கணக்கான குலுக்கல்களைக் கணிப்பொறி நொடியில் செய்துவிடும். ஆயினும் ஒருமுறையேனும் பொதுக்குழுவில் பானையை நடுவில் வைத்து, கைகளாலேயே குலுக்கிப் பார்ப்பது நல்லதென்பது நமது எண்ணம். அச்சிட்ட தாளில் ஓர் எண்ணைக் காட்டினால் வாய் திறவாதவர், சீட்டு மாறச் சாய்வு மாறுவதைக் கண்ணால் கண்டால் கேள்வி கேட்பர்.

சூத்திரத்தாலும் இதை அறியலாம். முன்பு கண்ட 15-ஐ 5-ஆல் வகுத்து, வந்ததை 28-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 0.33 கிடைக்கும். 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் காஸெட் என்பார் 1908-இல் வகுத்த வழியைப் பின்பற்றினால், சாய்வு 0.66-க்கும் 2.34-க்கும் இடையே இருக்கலாம் என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதியோடு கூறலாம். ஆனால் அது, விலகல்கள் யாவும் ஒரே அளவில் சீராகப் பரவியவை, ஒன்றையொன்று சாராதவை என்ற நிபந்தனைகளை ஏற்ற பிறகே. பானை முறை முதல் நிபந்தனையைக் கேட்பதில்லை. அது அதன் சிறப்பு.

பானை அறியாதவை

இரண்டாவது நிபந்தனையைப் பானையும் கேட்கும். ஏழு வயல்களுள் நான்கு ஒரே வாய்க்காலில் நீர் பாய்பவையாக இருந்தால், அந்நான்கும் சேர்ந்தே விளையும், சேர்ந்தே கெடும். அவற்றை நான்கு தனிச் சாட்சிகளாக எண்ணுவது பிழை. நெசவாளர் சங்கத்திலும் இவ்வாறே. பாவின் இழை எண்ணிக்கைக்கும் சேலைக்கு ஆகும் நேரத்திற்கும் கோடு இழுத்துக் கூலி நிர்ணயிக்கும்போது, ஒரே வீட்டிலுள்ள இரண்டு தறிகளைத் தனித்தனிச் சீட்டாக எழுதலாகாது. வீட்டிற்கு ஒரு சீட்டு எழுதி, அச்சீட்டு வந்தால் இரண்டு தறிகளையும் சேர்த்தே எடுக்க வேண்டும். வாய்க்காலுக்கும் அப்படியே.

மாதிரிகளைக் கொண்டே மாதிரியின் நம்பகத்தை அளக்கும் எண்ணம் நம் நாட்டிற்குப் புதிதன்று. 1931-இல் தோன்றிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் நிறுவனர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ், வங்காளத்தில் 1937-இல் தொடங்கிய சணல் பயிர் மதிப்பீட்டில் ஒரே பரப்பிற்கு இரண்டு தனி மாதிரிகளை எடுத்து, வெவ்வேறு பணியாளரைக் கொண்டு அளக்கச் செய்தார். இருவர் கணக்கும் எவ்வளவு வேறுபடுகிறதோ அதுவே அக்கணக்கின் ஆட்டம். கள்ளக் கணக்கு எழுதும் பணியாளரும் அதில் அகப்பட்டுவிடுவர். எப்ரானுடைய முறைக்கு முன்னோடிகளாகப் புள்ளியியலார் குறிப்பவற்றுள் இதுவும் ஒன்று.

மற்றொரு குறை, சீட்டுகள் மிகக் குறைவாயிருப்பது. ஏழு சீட்டுகளிலிருந்து 1,716 வகையான தொகுப்புகள் எழும். நான்கு சீட்டுகளானால் 35 தான். இது ஏட்டளவிலான செய்தியன்று. 2016-இல் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது, ஊராட்சியை அலகாகக் கொண்ட முக்கியப் பயிர்களுக்கு ஓர் அலகில் குறைந்தது 4 பயிர் அறுவடைப் பரிசோதனைகள் நடத்த வேண்டுமென வகுத்தனர். சிறு பாத்திகளில் அறுத்து நிறுத்த அந்த எடைகளின் சராசரியே ஊர் முழுவதன் மகசூலாகக் கொள்ளப்பட்டு, உத்தரவாத மகசூலுக்கு அது எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்ப இழப்பீடு அமையும். நான்கில் ஒரு பாத்தி நல்ல மடையில் அமைந்துவிட்டால் ஊரார் அனைவருடைய இழப்பீடும் சுருங்கும். சாவி விழுந்த வயலில் அமைந்தால் பெருகும். ஆகவே பாத்தியைத் தேர்ந்தெடுப்பது குலுக்கல் முறையிலா, அதிகாரியின் வசதிப்படியா என்பதை அங்கத்தினர் களத்தில் நின்று பார்ப்பது தம் பணத்தைக் காப்பதற்கு ஒப்பாகும்.

பானையில் இல்லாததைப் பானை கூறாது என்பதும் ஒன்று. பத்து வண்டி எரு இட்ட வயல் நம் கணக்கில் இல்லை. கோட்டை அதுவரை நீட்டி 25 மூட்டைக்கு மேல் விளையுமென்று எவரேனும் சொன்னால், அது அவர் கருத்தே யன்றிக் கணக்கன்று. எருவே இடாத வயலில் பத்தரை மூட்டை விளையும் என்று கோடு கூறுவதும் அத்தகையதே.

எருவினால்தானா?

இன்னும் ஒரு வினா எஞ்சுகிறது. எருவுக்கும் மகசூலுக்கும் தொடர்பே இல்லை, இந்த வரிசை தற்செயல் என்று ஒருவர் வாதித்தால்? அதற்கும் சீட்டு உதவும். எருவின் அளவுகளை வரிசையாக வைத்து, மகசூல்கள் ஏழையும் தனிச் சீட்டுகளாக எழுதிக் குலுக்கி, எந்த எருவுக்கு எந்த மகசூல் என்று புதிதாகப் பொருத்த வேண்டும். அவ்வாறு பொருத்தும் வகைகள் 5,040. அவற்றுள் சாய்வு 1.5 அல்லது அதற்கு மேல் வருபவை 6 மட்டுமே; அதாவது 840-இல் ஒன்று. தற்செயல் என்ற வாதம் நிற்காது. ரொனால்டு பிஷர் 1935-இல் வெளியிட்ட நூலில் இவ்வகைச் சோதனையை விளக்கினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது சார்லஸ் டார்வின் வளர்த்த 15 இணை மக்காச்சோளச் செடிகளின் உயரக் கணக்கு. 32,768 வகைகளையும் கணக்கில் கொண்டார்.

இங்கே இரண்டு வினாக்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தொடர்பு உண்டு என்பதில் ஐயம் குறைவு. எவ்வளவு என்பதில்தான் ஐயம் மிகுதி. ஒன்றேகால் மூட்டை என்னும் எல்லை அந்த ஐயத்தின் நடுவே விழுகிறது. அன்றியும், தொடர்பு உண்டு என்பதால் எருவே காரணம் என்றாகிவிடாது. எட்டு வண்டி எரு வாங்க முடிந்தவர், கிணற்றுக்கு இயந்திரம் வைக்கவும், ஆள் கூட்டிக் களை எடுக்கவும் முடிந்தவராக இருக்கக்கூடும். அவ்வசதிகளின் பயனையும் கோடு எருவின் கணக்கிலேயே எழுதிவிடுகிறது. எத்தனை ஆயிரம் குலுக்கல் செய்தாலும் இதைப் பிரிக்க இயலாது.

பிரிப்பதற்கு ஒரே வழி, எருவை இடும்போதே குலுக்குவது. பருவத் தொடக்கத்தில் விருப்பமுள்ள அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வயலில் ஒரே மாதிரியான இரண்டு பாத்திகளை வரப்பிட்டு ஒதுக்க வேண்டும். எந்தப் பாத்திக்கு ஏக்கருக்கு 3 வண்டி வீதம், எந்தப் பாத்திக்கு 6 வண்டி வீதம் என்பதை மற்றவர் முன்னிலையில் காசு சுண்டி முடிவு செய்ய வேண்டும். நீரும் களையெடுப்பும் இரண்டிற்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அறுவடையின்போது இரண்டையும் தனித்தனியே அடித்து, இரண்டு அங்கத்தினர் முன்னிலையில் நிறுத்து, சங்கத்தின் பேரேட்டில் உடனே எழுதிவிட வேண்டும். பதினைந்து இருபது பேர் சேர்ந்தால், ஒரு பருவத்திலேயே எருக்கடனைப் பற்றிக் குழுவின் முன் வைக்கத்தக்க கணக்கு கிடைக்கும். அதுவரை, கேட்போர்க்கெல்லாம் எட்டு வண்டிக்குக் கடன் என்று தீர்மானிப்பதைவிட, இச்சோதனைப் பாத்திகளுக்கு வேண்டிய எருவுக்கு மட்டும் சங்கம் முன்பணம் அளிப்பதே தகும்.